ஹெட்போனில் ‘பைனாரல் பீட்ஸ்’ போட்டுப் படித்தால் மகளுக்கு ஞாபகசக்தி கூடுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறீர்கள். மகள் இந்த ஆண்டு எஸ்பிஎம் (மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வு) எழுதுகிறாள். மூன்று மாதமாக யூடியூபில் “படிப்புக்கு 40 ஹெர்ட்ஸ்”, “ஆழ்ந்த தூக்கத்துக்கு டெல்டா” என்று எட்டு மணி நேர பைனாரல் பீட்ஸ் ஒலிகளைப் போட்டு, காதில் மாட்டிக்கொண்டே படிக்கிறாள், மாட்டிக்கொண்டே தூங்குகிறாள். பாடம் மனதில் நிற்கிறது என்கிறாள். மாமியார், மூளை கெட்டுப் போகும் என்கிறார். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் யாரோ இதை ‘டிஜிட்டல் போதை’ என்று அனுப்பியிருக்கிறார்கள். யார் பேச்சை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆள்தான். மருத்துவமனையில் காது பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவசரத்தில் இருப்பீர்கள், முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மூளை கெடாது. இதைக் கேட்டதால் மதிப்பெண் ஏறும் என்றும் நம்ப வேண்டாம். பதற்றம் கொஞ்சம் தணியலாம். ஆனால் இரவு முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு தூங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஏன் என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

என் அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை செய்தார். ஆலையில் இரண்டு டீசல் இன்ஜின்கள் ஓடும். ராத்திரி லயத்தில் படுத்திருந்தால் அந்தச் சத்தம் ஒரே சீராக வராது. ‘வூம்ம்… வூம்ம்…’ என்று ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவதுபோல் இருக்கும். அப்பாவிடம் கேட்டபோது, “ரெண்டு இன்ஜினும் ஒரே வேகத்துல ஓடலடா, ஒன்னு கொஞ்சம் முந்துது” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஏறக்குறைய ஒரே அளவில் அதிரும் இரண்டு ஒலிகள் காற்றில் கலந்தால், சில நேரம் அலைகள் சேர்ந்து ஓங்கும், சில நேரம் ஒன்றையொன்று அமுக்கும். இயற்பியல் பாடத்தில் இதற்கு ‘விம்மல்’ என்று பெயர். ஒன்று விநாடிக்கு 400 முறையும் இன்னொன்று 404 முறையும் அதிர்ந்தால், விநாடிக்கு 4 விம்மல். விநாடிக்கு ஒரு முறை என்பதைத்தான் ஒரு ஹெர்ட்ஸ் என்கிறோம். தம்புரா சுருதி சேர்ப்பவர்கள் இதைக் காதாலேயே பிடிப்பார்கள். நடுவில் உள்ள இரண்டு சாரணித் தந்திகளும் சேரும்வரை ஒலி அலைந்துகொண்டே இருக்கும். நெருங்க நெருங்க அலைச்சல் மெதுவாகும். சேர்ந்த கணத்தில் நின்றுவிடும்.

இப்போது அந்த இரண்டு ஒலிகளையும் காற்றில் கலக்கவிடாமல் பிரித்துவிடுங்கள். 400 இடது காதுக்கு மட்டும், 404 வலது காதுக்கு மட்டும். எந்தக் காதுக்குள்ளும் விம்மல் கிடையாது, இரண்டிலும் சீரான ஒற்றை ஒலிதான். இருந்தும் தலைக்குள்ளே ஏதோ ஒன்று துடிப்பது கேட்கிறது. வெளி உலகில் இல்லாத அந்தத் துடிப்பைச் செய்வது மூளை. இதுதான் பைனாரல் பீட்ஸ், இருசெவி விம்மல். பிரஷ்யாவின் இயற்பியலாளர் ஹைன்ரிச் வில்ஹெல்ம் டோவ 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைக் கவனித்தார். அதன்பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இது பெரும்பாலும் ஆய்வுக்கூட விநோதமாகவே கிடந்தது. 1973-இல் ஜெரால்ட் ஆஸ்டர் என்பவர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரைதான் இதைப் பலர் கண்ணில் படவைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவின் ராபர்ட் மன்றோ ‘ஹெமி-சிங்க்’ என்று தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விற்பனை அங்கிருந்து தொடங்கியது.

மகளை ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் போதும். அந்த ஒலியைப் போட்டுத் துடிப்பைக் கவனிக்கட்டும். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் கழற்றட்டும். உண்மையான பைனாரல் ஒலியாக இருந்தால், துடிப்பு அந்த நொடியே மறைந்து ‘ம்ம்ம்’ என்று ஒரே ஒலி நிற்கும். கழற்றிய பிறகும் துடித்தால், அந்தத் துடிப்பு ஒலிப்பதிவிலேயே கலந்திருக்கிறது, அது வேறு வகை. ஸ்பீக்கரில் போட்டாலும் இரண்டும் காற்றில் கலந்து சாதாரண விம்மலாகிவிடும். போனில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒலியை அனுப்பும் ‘மோனோ’ என்ற அமைப்பு திறந்திருந்தாலும் அதே கதைதான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வீட்டில் நானே பார்த்தேன். அக்காவும் தங்கையும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டு “ஆல்பா” என்று பெயர்போட்ட பைனாரல் ஒலியைக் கேட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் மனம் அமைதியாகிறதாம். இருவர் காதிலும் விழுந்தது விம்மலே இல்லாத வெறும் ஒலி. அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, அமைதி உண்மையாகவே வந்திருக்கும். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூளை ஏன் இப்படிச் செய்கிறது? இருட்டில் செம்பனைத் தோப்புப் பக்கம் ஏதோ சரசரத்தால், பார்க்காமலே எந்தத் திசை என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா? சத்தம் ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் வருகிறது. அந்த வித்தியாசம் மிஞ்சிப்போனால் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் கணக்கிட மூளைத்தண்டில் தனி நரம்புக் கூட்டம் இருக்கிறது. இரண்டு காதுகளின் சேதியும் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் அது. அலையின் எந்தக் கட்டத்தில் எந்த நரம்பு துடித்தது என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 400-ஐயும் 404-ஐயும் கொடுத்தால், ஒப்பீடு ஒரு நிலையில் நிற்காமல் நழுவிக்கொண்டே போகிறது. அந்த நழுவல்தான் நமக்குத் துடிப்பாகக் கேட்கிறது. வித்தியாசம் ஒன்று, இரண்டு ஹெர்ட்ஸாக இருந்தால், ஒலி தலைக்குள் இடமிருந்து வலமாக நடப்பதுபோலவே தோன்றும். கொஞ்சம் கூடினால் படபடப்பு. 30-ஐத் தாண்டினால் துடிப்பு மங்கி, இரண்டு தனி ஒலிகளாகப் பிரியத் தொடங்கும். அடிப்படை ஒலியும் தாழ்ந்திருக்க வேண்டும். ஆஸ்டர் கணக்கில் 440 ஹெர்ட்ஸை ஒட்டியே துடிப்பு நன்றாகக் கேட்கும். ஆயிரத்தைத் தாண்டினால் அலையின் கட்டத்தை நரம்பு அவ்வளவு துல்லியமாகப் பின்பற்றாது, துடிப்பும் கரைந்துவிடும்.

இதுவரை சொன்னதில் யாருக்கும் சண்டை இல்லை. புலனறிவில் இது நிஜமான விளைவு, எனக்கு இன்றும் வியப்பு தீராத விளைவு. சண்டை அடுத்த படியில்தான்.

விற்பவர்கள் சொல்லும் கதை இப்படிப் போகும். 1929-இல் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்துடிப்பைத் தலையின் மேலிருந்தே பதிவு செய்து வெளியிட்டார். அதில் அலைகள் உண்டு. ஆழ்ந்த தூக்கத்தில் விநாடிக்கு நாலுக்குக் குறைவான டெல்டா. கண்ணை மூடி நிம்மதியாக இருந்தால் 8 முதல் 13 வரையிலான ஆல்பா. இவற்றுக்கு இடையில் தீட்டா. சுறுசுறுப்பாக இருந்தால் பீட்டா, அதற்கும் மேலே காமா. ஆகவே காதுக்கு 10 ஹெர்ட்ஸ் விம்மலைக் கொடுத்தால் மூளையும் 10-க்கு இறங்கி வந்துவிடும், மனம் அமைதியாகிவிடும் என்பார்கள். கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். ஆனால் இதில் இரண்டு தாவல்கள் இருக்கின்றன. மூளை விம்மலைக் கேட்பது ஒன்று. மூளை முழுக்க அந்த வேகத்துக்கு மாறுவது வேறொன்று. அப்படியே மாறினாலும் மனநிலை கூடவே மாறும் என்பது மூன்றாவது. மழைக்கு முன்னால் தவளை கத்துகிறது என்பதற்காக, தவளையைக் கத்தவைத்தால் மழை வந்துவிடுமா?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இந்த இடத்தில்தான் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன். ஏனென்றால் எனக்கு இது பலிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. மருந்தில்லாமல், செலவில்லாமல், தோட்டத்துப் பிள்ளை ஒரு இயர்போனை வைத்து மனதைக் கூர்மையாக்கிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நல்லது!

மூளை அலை மாறுகிறதா என்பதை மட்டும் அளந்த 14 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் ஒரு மதிப்பாய்வு வந்தது. ஐந்து ஆய்வுகள் மாறுகிறது என்றன. எட்டு, அதற்கு எதிராக. ஒன்று இரண்டுங்கெட்டான். மான்ட்ரியாலில் 2020-இல் செய்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப்பட்டது. அவர்கள் பைனாரல் விம்மலையும், ஒலிப்பதிவிலேயே கலந்த சாதாரண விம்மலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் மூளை ஓரளவு ஒத்துத் துடித்தது. சாதாரண விம்மலுக்குத்தான் கூடுதலாகத் துடித்தது. மனநிலையை இரண்டுமே மாற்றவில்லை. என் அப்பாவின் ஆலை இன்ஜின்களே அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்திருக்கும் என்று இதற்கு அர்த்தம்.

அதற்காக ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் மாட்டேன். ஞாபகம், கவனம், பதற்றம், வலி எல்லாவற்றையும் சேர்த்து 22 ஆய்வுகளைத் தொகுத்த 2019 மதிப்பாய்வு, நடுத்தர அளவில் பலன் உண்டு என்றது. அதில் உங்கள் மகளுக்கு உபயோகமான ஒரு விஷயம் இருக்கிறது. வேலை செய்யும்போது மட்டும் கேட்டவர்களைவிட, வேலை தொடங்கும் முன்பே கேட்டவர்களுக்குத்தான் பலன் கூடுதல். பதற்றத்தைப் பொறுத்தவரை 2005-இல் பிரிட்டனில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களிடம் செய்த சோதனை பேர்பெற்றது. பைனாரல் ஒலி கேட்டவர்களின் பதற்ற அளவு 26 விழுக்காடு இறங்கியது. விம்மல் இல்லாத அதே போன்ற ஒலியைக் கேட்டவர்களுக்கு 11. ஒன்றும் கேட்காதவர்களுக்கு 4-கூட இல்லை. இந்த நடு எண்ணைக் கவனியுங்கள். விம்மலே இல்லாமல், வெறுமனே கண்ணை மூடி இதமான ஒன்றைக் கேட்டதற்கே அந்த 11. இயர்போனைப் பங்கு போட்டுக்கொண்ட அக்கா தங்கைக்கு வந்த அமைதி இந்தக் கணக்கில் சேரும்.

கவனத்தைப் பற்றி 1998-இல் அமெரிக்காவில் 29 பேரை வைத்துச் செய்த சோதனை உண்டு. அரை மணி நேரம் திரையைச் சலிப்போடு பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. விம்மல் கலந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பீட்டா வேக விம்மல் கேட்ட நேரத்தில் சரியாகக் கண்டுபிடித்தது கூடியது, தவறு குறைந்தது. மெதுவான விம்மலில் சோர்வும் குழப்பமும் கூடின. நல்ல சோதனை, ஆனால் சிறியது. நெதர்லாந்தில் 2013-இல் படைப்பாற்றலை அளந்தபோது சிலருக்கு உதவியது, சிலருக்கு உதவவில்லை. அவரவர் மூளை வேதியியலுக்கு ஏற்ப மாறியது. ஒரே ஒலி எல்லாருக்கும் ஒரே வேலை செய்யாது என்பது எனக்கு அதில் கிடைத்த பாடம்.

இப்போது உங்கள் மகள் கட்டாயம் கேட்க வேண்டிய ஆய்வு. 2023-இல் போலந்து ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு, மகள் செய்வதுபோலவே வீட்டில் கேட்கவைத்துச் சோதித்தார்கள். ஆயிரம் பேர். புதிர்களை அறிவால் தீர்க்கும் தேர்வு. பைனாரல் கேட்டுக்கொண்டு எழுதியவர்களின் திறன் குறைந்தது. கூடுமா என்று பார்க்கப் போனார்கள், குறைந்ததைப் பார்த்தார்கள். கூடுதல் கணிதத்தில் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டும்போது காதுக்குள் ஏதோ துடித்துக்கொண்டே இருந்தால், கவனத்தில் ஒரு பங்கை அது தின்னத்தானே செய்யும்? இது என் யூகம், ஆனால் வலுவான யூகம்.

“40 ஹெர்ட்ஸ்” மோகம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் எம்ஐடி ஆய்வாளர்கள், அல்சைமர் நோயுள்ள எலிகளுக்கு விநாடிக்கு 40 முறை மின்னும் ஒளியைக் காட்டினார்கள். மூளையில் படியும் ஒரு கெட்ட புரதம் குறைந்தது. பிறகு 40 முறை ஒலிக்கும் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த ஒளியும் சத்தமும் வெளியில் நிஜமாகவே துடிப்பவை, பைனாரல் விம்மலோடு அவற்றுக்குச் சம்பந்தம் இல்லை. எலிகளுக்கோ எஸ்பிஎம் இல்லை. இதை எடுத்து யூடியூபில் “40 ஹெர்ட்ஸ் ஞாபகசக்தி” என்று பிள்ளைகளுக்கு விற்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தை உண்டாக்குகிறது.

‘டிஜிட்டல் போதை’ பற்றி மாமியாரைச் சமாதானப்படுத்துங்கள். 2021-இல் உலக அளவில் போதைப் பழக்கம் குறித்து முப்பதாயிரம் பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், நூற்றுக்கு ஐந்து பேர் பைனாரல் ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் தூங்கவும் மனதை ஆற்றவும்தான் கேட்டார்கள். போதை அனுபவம் தேடியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு. தேடினார்கள் என்பதுதான் கணக்கு. கஞ்சா மாதிரி உடலைப் பிடித்துக்கொள்ளும் சங்கதி இதில் இல்லை. வலிப்பு நோய் உள்ள பிள்ளையாக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) ஓட்டும்போது காதில் மாட்டவே கூடாது, அது பைனாரலானாலும் சரி, பக்திப் பாடலானாலும் சரி.

என் அக்கா மகளும் இதேபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். வாதாடாமல், இரண்டு ஒலிக்கோப்புகள் செய்து கொடுத்தேன். இரண்டிலும் மேலே மழைச் சத்தம். ஒன்றில் 10 ஹெர்ட்ஸ் விம்மல், மற்றதில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று மட்டும் பெயர். இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் படிக்கும் முன் பதினைந்து நிமிடம் கேட்டு, மனம் எவ்வளவு அடங்கியது என்று பத்துக்கு எத்தனை போட்டு நோட்டில் எழுதினாள். இரண்டிலும் மனம் அடங்கியது. “இதுதான் மாமா ஒரிஜினல்” என்று அவள் அடித்துச் சொன்னது, விம்மலே இல்லாத கோப்பு. ஒரு பிள்ளையை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து அவள் மழைச் சத்தத்தை மட்டும் ஸ்பீக்கரில் மெதுவாகப் போட்டுக்கொள்கிறாள். காதும் பிழைத்தது.

காது என்றதும் அப்பா ஞாபகம் வருகிறது. ஆலைச் சத்தத்தில் இருபது ஆண்டு. ஐம்பது வயதில், அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கோபித்துக்கொண்டார் என்று அம்மா நினைத்தார். உட்காதின் மயிரணுக்கள் ஒரு தடவை போனால் மறுபடி முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். மகள் பகலில் படிக்க நாலு மணி, இரவில் எட்டு மணி என்று கேட்டால் வாரத்துக்கு 84 மணி நேரம் ஆகிறது. சத்தம் குறைவாக இருந்தால் இந்த ஆபத்து குறைவுதான், ஆனால் பக்கத்தில் மின்விசிறி ஓடினால் கை தானாகவே சத்தத்தைக் கூட்டும். போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கம். காதை அடைத்து இரவு முழுக்க ஈரத்தை உள்ளே வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. அரிப்பு, அடைப்பு, நாற்றத்தோடு வந்த பிள்ளைகளைப் பரிசோதனை அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பகலில் படித்ததை மூளை பதிய வைக்கும் நேரம் தூக்கம். அந்த நேரத்தில் ஒயர் கழுத்தைச் சுற்ற, புரண்டு படுக்கும்போது காது வலிக்க, தூக்கம் கலைந்தால் ஞாபகசக்திக்காகச் செய்வது ஞாபகசக்தியையே வெட்டும்.

அதனால் அவளிடம் பிடுங்க வேண்டாம், பேசி மாற்றுங்கள். படிக்க உட்காரும் முன் பதினைந்து, இருபது நிமிடம், பாதிச் சத்தத்துக்குக் கீழே, கண்ணை மூடிக் கேட்கட்டும். பிறகு கழற்றி வைத்துவிட்டுப் படிக்கட்டும். தேர்வு மண்டபத்தில் இந்த ஒலி கிடைக்காது, ஒலி இல்லாமல் யோசிக்கும் பழக்கம் இப்போதே வேண்டும். தூங்கும்போது ஏதாவது வேண்டுமென்றால் மழைச் சத்தத்தை ஸ்பீக்கரில் மெதுவாக வைத்து, அரை மணியில் தானாக நிற்கும்படி செய்யலாம். போனை அறைக்கு வெளியே வைத்தால் இன்னும் நல்லது.

காலையில் எழுந்ததும் காதில் ‘கீ’ என்று சத்தம் கேட்கிறதா, டிவி சத்தத்தை முன்பைவிடக் கூட்டுகிறாளா, காதுக்குள் அரிப்போ அடைப்போ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) காட்டி, காது பரிசோதனைக்குக் கடிதம் வாங்கிவிடுங்கள். எஸ்பிஎம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.